கேப்டன் லட்சுமி நிஜமாகவே கேப்டனா?

வாசகர் ஒருவரின் கேள்வி, அக்டோபர் 17, 2023

போர்க்கால அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் பற்றிய பேச்சில் யாரோ கேப்டன் லட்சுமியையும் சேர்த்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர் பிரசவ டாக்டர். ஒரு குண்டு கூடச் சுட்டதில்லை. அந்த ‘கேப்டன்’ நம் ஊரில் விஜயகாந்துக்குக் கொடுத்த மாதிரி அன்பாகக் கொடுத்த பட்டம்தானே? 2002-ல் கலாமை எதிர்த்து நிற்காமல் இருந்திருந்தால் நம்மில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. தப்பென்றால் சொல்லுங்கள்.

அக். 17, இரவு 10.40

தப்பு. பட்டமில்லை, பதவி. 1943-ல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கென்று ராணி ஜான்சி படையை ஆரம்பித்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் லட்சுமி. போஸ் அங்கே அறிவித்த ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசின் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். அதனால் ‘அரசியலுக்கு வந்தார்’ என்பதே பாதிதான் சரி. அதிகாரியானதும் அமைச்சரானதும் ஒரே வருஷத்தில். போர் முடிந்து கேப்டனாகவே பிடிபட்டு, செங்கோட்டையில் விசாரணைக்கு நின்றார்.

நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது. மிச்சம் அப்புறம்.

அக். 18, காலை

எழுந்து பார்த்தால் மயூர் விஹார் நண்பர் சிவப்பு மையோடு காத்திருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு தப்பு செய்திருக்கிறேன்.

ஒன்று, லட்சுமி கேப்டனாகவே இருந்துவிடவில்லை. பிறகு லெப்டினன்ட் கர்னல் ஆனார். ஆனால் முதலில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் நின்றது. நம் தெருவில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவரையும் ‘பி.டி. வாத்தியார்’ என்றே கூப்பிடுவார்கள் இல்லையா, அது மாதிரி.

இரண்டு, செங்கோட்டை. அங்கே முதல் விசாரணையில் நின்றது ஷாநவாஸ் கான், பிரேம் குமார் சஹகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று பேர். அப்போது லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷார் காவலில் இருந்தார். 1946 மார்ச்சில்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சஹகலை அவர் அடுத்த வருஷம் லாகூரில் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெயரும் தலைக்குள் சேர்ந்தே இருப்பதால் லட்சுமியையும் கோட்டைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

அக். 18, மாலை

சரி, ‘ஒரு குண்டு கூடச் சுட்டதில்லை’ என்ற விஷயம். காலையிலிருந்து அதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ராணி ஜான்சி படை இம்பால் போர்முனையில் இறக்கப்படவே இல்லை. ரங்கூன் போனார்கள், அங்கிருந்து ஒரு பிரிவு மேம்யோ வரை போனது. இம்பாலில் ஜெயித்தால் அடுத்து இவர்கள் என்று கணக்கு. இம்பால் விழவில்லை. 1944 மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு, மலேரியா, பட்டினி. துப்பாக்கிப் பயிற்சி எடுத்த பெண்கள் கட்டுப் போட உட்கார்ந்தார்கள்.

இதைச் சொன்னதும் ‘பார்த்தீர்களா, நர்ஸ் படைதான்’ என்று கேள்வி கேட்டவர் எழுதிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள். பயிற்சி சும்மா பாவனைக்கு நடந்ததில்லை. 1943 ஜூலை 12 அன்று சேலையோடு நின்று போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தபோது அந்தப் பெண்கள் கையில் இருந்தது இரவல் வாங்கிய .303 துப்பாக்கி. கிட்டத்தட்ட நாலு கிலோ. என் பையனின் பள்ளிப் பையை நாலாவது மாடிக்குத் தூக்கிப் போகும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. அக்டோபரில் முகாம் திறந்த பிறகு காக்கி உடுப்பு, இரவு நடை, துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் வந்தது. போர்முனைக்கு அனுப்பாதது அவர்கள் முடிவில்லை.

1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபோது அந்தப் பெண்கள் பல நாள் ராத்திரி ராத்திரியாக நடந்து பின்வாங்கினார்கள். பகலில் விமானம் வந்து சுடும் என்பதால் இருட்டில்தான் நடை. போஸும் அவர்களோடு நடந்தார். திரும்பும் வழியில் ரயிலில் நடந்த கொரில்லாத் தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு பேர் செத்துப்போனார்கள். இதற்குப் பிறகும் நர்ஸ் படை என்றால், சரி, உங்கள் இஷ்டம்.

லட்சுமி அந்த நடையில் இல்லை. நோயாளிகளோடு பர்மாவிலேயே தங்கிவிட்டார், அங்கேதான் பிடிபட்டார்.

அக். 20

ராணுவத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டீர்கள். அமரிந்தர் சிங், ஜஸ்வந்த் சிங், கந்தூரி, ராஜேஷ் பைலட். எல்லாம் சரியான பெயர்கள்தான். 1965-ன் தொடக்கத்தில் ராணுவ வேலையை விட்டுவிட்டுப் போன அமரிந்தர் சண்டை வந்ததும் திரும்பிச் சேர்ந்தவர். ராஜேஷ் பைலட் 1971 போரில் விமானம் ஓட்டியவர். சின்ன வயதில் தில்லி பங்களாக்களுக்குப் பால் ஊற்றியவர், அதே மாதிரி பங்களாவுக்கு மந்திரியாகக் குடிபோனார். தில்லிக்காரர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பால் கதையில்தான் போய் நிற்பார்கள்.

ஆனால் அவர்களில் யாருக்கும் ‘நீங்கள் நிஜ கேப்டனா’ என்ற கேள்வி வராது. அரசாங்கத்தின் முத்திரை இருக்கிறது. லட்சுமியிடம் முத்திரை குத்திய அரசாங்கம் போரோடு மறைந்துவிட்டது. சுதந்திர இந்தியாவும் ஐ.என்.ஏ. ஆட்களைப் பழைய பதவியில் ராணுவத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. 1972-ல்தான் தியாகிகள் பென்ஷன் திட்டம் வந்தது.

(போஸ் சாகவில்லை, சாமியாராக இருந்தார் என்று ஆரம்பித்த இரண்டு பேருக்கு: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். அது ஆரம்பித்தால் தீபாவளி வரை ஓடும்.)

அக். 21

இன்றைக்கு ஆசாத் ஹிந்த் அரசு அறிவித்த நாள். 1943-ல் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில். சரியாக 80 வருஷம். எழுதும்போது இடுப்பு வலி, கொலுப் படி கட்டியது நான்தான்.

பரமக்குடியில் எங்கள் வீட்டில் கொலுப் பழக்கம் கிடையாது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்து அம்மா ஆரம்பித்தது, நாற்பது வருஷமாக ஓடுகிறது. அதில் ஒரு நேதாஜி பொம்மை உண்டு. கை நீட்டித் ‘தில்லி சலோ’ காட்டும் பொம்மை. விரல் உடைந்துவிட்டது, இப்போது முஷ்டியைத்தான் காட்டுகிறார். அவரைச் செட்டியாருக்கு அந்தப் பக்கம் வைக்கும்போது இந்த விவாதத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

‘2002-ல அவங்களுக்குத்தான் போடணும்னு சொன்னேன்ல’ என்றார்.

ஞாபகம் வந்துவிட்டது. ஜனாதிபதி தேர்தலில் நமக்கு ஓட்டே கிடையாது. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் அது தெரியாத மாதிரிதான் பேச்சு ஓடியது. இரண்டு வேட்பாளருமே பழைய மதராஸ் மாகாணத்தில் பிறந்தவர்கள். ஒருவர் ராமேஸ்வரம், இன்னொருவர் சென்னைப் பட்டணத்திலேயே. தில்லித் தமிழனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பா கலாம் பக்கம். ‘நம்ம ராமநாதபுரத்துப் பையன்’ என்பார். பையனுக்கு அப்போது 70 வயது. லட்சுமிக்கு 87. காங்கிரசும் பா.ஜ.க.வும் கலாமுக்கு, இடதுசாரிகள் நாலு கட்சி மட்டும் லட்சுமிக்கு. முடிவு வந்தபோது கலாமுக்கு வாக்கு மதிப்பு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அப்பா லட்டு வாங்கி வந்தார். அம்மா ஒன்று எடுத்துக்கொண்டு, ‘இருந்தாலும் அவங்க பிரசவம் பார்த்தவங்க’ என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

அப்போது நான் அப்பா கட்சி. ராக்கெட் விட்டவர் எங்கே, எண்பத்தேழு வயதுப் பாட்டி எங்கே என்று பேசியிருக்கிறேன். தோற்பது தெரிந்தே நின்றதைக் கட்சி செய்த கூத்தாகத்தான் பார்த்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

அக். 22, ஞாயிறு

‘மலேயாத் தமிழ்ப் பெண்கள் ஏன் சேர்ந்தார்கள்? போஸ் பேச்சில் மயங்கியா?’ என்று ஒருவர். இன்றைக்கு நிதானமாக எழுத நேரம் இருக்கிறது.

படையில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள், அதிலும் நிறையப் பேர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். துணைத் தலைமையில் இருந்த ஜானகி தேவர் கோலாலம்பூரில் வசதியான குடும்பம். அவரும் பிறகு அரசியலுக்குப் போனார். மலேயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவர், செனட்டராக இருந்தார். 2000-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்தத் தலைப்புக்கு லட்சுமி எவ்வளவு பொருத்தமோ அவரும் அவ்வளவு பொருத்தம். ஆனால் பாஸ்போர்ட் மாறியதால் நம் பட்டியலில் விட்டுப்போகிறது.

தோட்டத்துப் பெண்கள் கதை வேறு. ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. கூலி நின்றது, அரிசி நின்றது. ஆம்பிளைகளைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. அம்மாவின் பெரியம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் இருந்தவர். அவர் அப்பா அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர். பெரியம்மாவுக்கு அப்போது பதினெட்டு. படைக்கு ஆள் எடுக்க வந்தபோது பெயர் கொடுத்திருக்கிறார், வீட்டில் அவருடைய அப்பத்தா விடவில்லை. ‘போயிருந்தா மூணு வேளைச் சோறு’ என்றுதான் சொல்வார். சுதந்திரம், தியாகம் என்றெல்லாம் அவர் வாயில் நான் கேட்டதில்லை. நாட்டுப்பற்று இல்லாமலா பெயர் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். சோறும் இருந்தது, பற்றும் இருந்தது, தோட்டத்துக் கங்காணி முகத்தில் இனி முழிக்க வேண்டாம் என்பதும் இருந்திருக்கும். எது எத்தனை பங்கு என்று நாம் எப்படிப் பிரிப்பது?

ஐ.என்.ஏ.வில் கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். தமிழ்ப் பெண்கள் கேட்டுக் கேட்டே பழகினார்கள். பெரியம்மா படையில் சேரவில்லை, ஆனால் பக்கத்து மைதானத்தில் நடந்த பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே மனப்பாடம் செய்திருக்கிறார். 1983-ல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஆட்டோவில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். அப்பா தில்லிக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டித்தான் வழி சொல்வார். பின்னாலிருந்து பெரியம்மா, ‘தாயேன்! பாயேன்!’ (வலது! இடது!) என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், ஆட்டோக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார். காய்கறி எண்ணுவதும் அப்படித்தான். ‘ஏக், தோ, தீன், சார்’ என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கால் தரையில் தட்டும்.

‘தில்லி சலோ’ என்று கிளம்பியவர்களில் எங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்தது அப்பா ஒருவர்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸில், ஒரு டிரங்குப் பெட்டியோடு, எழுத்தர் வேலைக்கு.

அக். 24, விஜயதசமி

இன்றைக்கு லட்சுமி பிறந்த நாள் (1914). அப்பா சுவாமிநாதன் சென்னையில் பெரிய வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், 1952-ல் திண்டுக்கல் எம்.பி. தங்கை மிருணாளினி சாராபாய். இப்படிப்பட்ட வீட்டுப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்து, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, 1940-ல் சிங்கப்பூர் போய்த் தோட்டக் கூலிகளுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியம் செய்ய உட்கார்ந்தார். பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று எழுதிய தம்பிக்கு: அந்தப் பொழுதுபோக்கு தொண்ணூறு வயது தாண்டியும் ஓடியது. அது அடுத்த குறிப்பில்.

அக். 26

எங்கள் அலுவலகத்தில் கான்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். டீ குடிக்கும்போது கேப்டன் லட்சுமி பற்றிக் கேட்டேன். யார் என்று முழித்தார். கலாம், தேர்தல், நேதாஜி என்று அடுக்கினேன். அப்புறம் ‘சஹகல்’ என்றதும் முகம் மாறியது. ‘அட, டாக்டர் சாஹிபாவா? எங்க சித்திக்கு ரெண்டு பிரசவமும் அவங்கதான்.’

அவருக்கு அந்த டாக்டர் சாஹிபா போர் அதிகாரி என்பது தெரியும், ஆனால் அது எங்கேயோ பின்னால் இருக்கிற தகவல். கூட்டம் அதிகம், காசு இல்லாதவர்களும் வருவார்கள், சத்தம் போட்டால் திட்டுவார். இதுதான் அவருக்குச் சித்தி சொன்ன கேப்டன் லட்சுமி.

கல்யாணமானதும் கான்பூரில் குடியேறினார்கள். கணவருக்கு அங்கே மில்லில் வேலை. பிரிவினை அகதிகள் வர ஆரம்பித்த காலம், அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் ஆரம்பித்த வேலை. படைத் தலைவராக இருந்தது ஏறக்குறைய இரண்டு வருஷம். கான்பூரில் ஸ்டெதாஸ்கோப்போடு ஏறக்குறைய அறுபது வருஷம். 1971-ல் வங்காள எல்லையில் அகதிகள் வெள்ளமாக வந்தபோது அங்கே போய் வேலை செய்தார். அந்த வருஷம்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்ததும் மருத்துவக் குழுவோடு போபால் போனார். 92 வயதிலும் கிளினிக்கில் உட்கார்ந்து நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் 17-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அமைச்சர், படைத்தலைவர் என்று கொட்டி அளந்திருக்கிறேன். டாக்டர் என்ற வார்த்தை ஒரு இடத்தில் கூட இல்லை. கேள்வி கேட்டவர் அதையாவது சொன்னார்.

அக். 26, இரவு

1984 என்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

இந்திரா காந்தி இறந்த மறுநாள் கான்பூரிலும் கலவரம். எழுபது வயது லட்சுமி தெருவில் இறங்கி, கூட்டத்தின் முன்னால் போய் நின்று, தன் கிளினிக்கைச் சுற்றியுள்ள தெருக்களில் சீக்கியர் வீடோ கடையோ எதுவும் தாக்கப்படாமல் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் மாடியிலிருந்த சர்தார்ஜி குடும்பம் மூன்று நாள் எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்தது. அப்பா வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டுப் பையன் என் வயது. இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வான். நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டோம், அது எங்களால் முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவர்களும் இருந்திருக்கிறார்கள்.

அக். 29, ஞாயிறு

செங்கோட்டைக்குப் போய்வந்தேன். இருபது வருஷமாக ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு, நான் வெளியே கடலை சாப்பிட்டு நிற்பதுதான் வழக்கம். இந்தத் தடவை அம்மா, பையன், நான் மூவரும் லால் கிலா மெட்ரோவில் இறங்கி உள்ளே போனோம்.

2019 ஜனவரி 23-ல் திறந்த நேதாஜி அருங்காட்சியகம் பழைய பிரிட்டிஷ் பாரக் கட்டடத்தில் இருக்கிறது. போஸ் உட்கார்ந்த மர நாற்காலி, வாள், பதக்கங்கள், உடுப்புகள். பையனுக்கு வாள். அம்மா நாற்காலி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ‘சாதாரண நாற்காலியா இருக்கே’ என்றார். ஏமாற்றமா மரியாதையா, எனக்குப் பிடிபடவில்லை. ராணி ஜான்சி படைப் பெண்கள் வரிசையாக நிற்கும் படத்தில் பெரியம்மா ஜாடை யாருக்காவது இருக்கிறதா என்று தேடினார். ‘அவங்கதான் போகவே இல்லையேம்மா’ என்றேன். ‘தெரியும், இருந்தாலும்’ என்று மறுபடி பார்த்தார்.

பார்க்க வேண்டியது அருங்காட்சியகத்தைவிட பாவ்லிதான். படிக்கிணறு. சத்தா சவுக் கடைகளைத் தாண்டி ஒதுக்குப்புறமாக, யாரும் கவனிக்காத இடத்தில். இரண்டு திசையிலிருந்து படி இறங்குகிறது, பக்கவாட்டில் அறைகள். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் இளைப்பாறும் அறைகளாக இருந்திருக்கும். அதற்குப் பிரிட்டிஷார் இரும்புக் கம்பி போட்டுச் சிறையாக்கினார்கள். சஹகல், ஷாநவாஸ், தில்லான் மூவரையும் இங்கே வைத்திருந்தார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எட்டிப்பார்த்தோம். கீழே பச்சைத் தண்ணீர், ஒரு புறா, சிப்ஸ் பாக்கெட் ஒன்று. அறை வாசலில் பட்டை பட்டையாகக் கம்பி.

‘இவங்க இங்க இருக்கும்போது அந்தம்மா எங்க?’ என்றார் அம்மா.

பர்மாவில் என்றேன். 18-ஆம் தேதி வாங்கிய குட்டு உதவியது.

நவ. 1

பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகள் இதைப் படித்துவிட்டு, ‘எங்க ஊர்ல அரெஸ்ட் ஆனதை விட்டுட்டீங்களேக்கா’ என்றாள். விடவில்லை, தள்ளிப்போட்டேன்.

1996 நவம்பர் 23, சின்னசாமி ஸ்டேடியத்தில் உலக அழகிப் போட்டி. எதிர்ப்பு பலமாக இருந்ததால் நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். 82 வயது லட்சுமி பெங்களூருக்குப் போய்ப் போராட்டத்தில் கைதானார்.

எனக்கு அப்போது 21. டி.வி. முன்னால் உட்கார்ந்து போட்டியை முழுசாகப் பார்த்தேன். பிரிட்டிஷாரிடம் கைதானவர் அழகிப் போட்டிக்குப் போய்க் கைதாகலாமா என்று கேலி பேசியதும் நான்தான். இப்போதும் அந்தப் போராட்டத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கலாச்சாரக் காவலர்களும் இடதுசாரிப் பெண்களும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே தெருவில் நின்ற விஷயம் அது. அவர் நின்றது அழகை வியாபாரமாக்குவதை எதிர்த்து. அதில் எனக்குப் பாதிச் சம்மதம். மீதியை அவள் என்னோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நவ. 5

வெளியே போக முடியாத புகை. கண் எரிகிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு.

செங்கோட்டை விசாரணை தொடங்கிய நாள் இது, 1945-ல். புலாபாய் தேசாய் வாதாடினார். பல வருஷம் கழித்து நேரு வக்கீல் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். தெருவில் ‘லால் கிலே சே ஆயி ஆவாஸ், சஹகல் தில்லான் ஷாநவாஸ்’ (செங்கோட்டையிலிருந்து வந்தது குரல்) என்று கோஷம். இந்து, சீக்கியர், முஸ்லிம் என்று மூவரையும் ஒன்றாகக் கூண்டில் ஏற்றியது பிரிட்டிஷார் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட வேலை. ஆயுள் தண்டனை விதித்தார்கள், ராணுவத் தளபதி ஆச்சின்லெக் அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஜனவரி முதல் வாரத்தில் மூவரும் வெளியே.

அவர்களில் அரசியலில் நிலைத்தவர் ஷாநவாஸ் கான். ராவல்பிண்டிப் பக்கத்துக்காரர், பிரிவினைக்குப் பிறகு இந்தியாவிலேயே இருந்தார். 1952-ல் மீரட்டில் ஜெயித்து ரயில்வே துணை அமைச்சர் ஆனார். இந்த விவாதத்தை அவரை வைத்துத் தொடங்கியிருந்தால் ‘நிஜ அதிகாரியா’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் முன்பே கேப்டன் அவர். பார்த்தீர்களா, கடைசியில் முத்திரை அங்கேதான் இருக்கிறது.

சஹகலின் அப்பா லாகூரில் நீதிபதி, அச்சுரு ராம். காந்தி கொலை வழக்கு மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். இதற்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை. தெரிந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

நவ. 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். முன்னால் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறாராம். ‘டாக்டர், அவசரத்துக்குக் கேப்டன்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்கிறார்.

எனக்கு ஆட்சேபணை இல்லை. 1998-ல் பத்ம விபூஷண் கொடுத்தபோது எதற்காகக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் அதில் இரண்டும் இருந்திருக்கும். 2012 ஜூலை 23-ல் 97 வயதில் கான்பூரில் இறந்தார். உடலை அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். கான்பூர்க்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. ‘கடைசியிலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்காங்க’ என்றார்.

‘அப்பா லட்டு வாங்கியது தப்பா’ என்று அதே ஆள் கேட்டிருக்கிறார். தப்பே இல்லை. கலாம் நல்ல ஜனாதிபதியாக இருந்தார். அப்பா கடைசி வரை அந்த வெற்றியில் தனக்கும் ஒரு கை இருப்பதாகவே நினைத்தார்.

நவ. 10

தீபாவளி லீவில் செங்கோட்டை போகப்போவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பாவ்லிக்கு வழி கேட்டால் காவலுக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சத்தா சவுக்கை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம், மரங்களுக்கு நடுவில். திங்கள்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். முகக்கவசம் எடுத்துப் போங்கள்.